உறைதல்

சில ஆண்டுகளுக்கு முன் என் மனைவிக்கு அறுவை மருத்துவம் நிகழ்ந்தது. குருதி வங்கிக்குச் சென்று இரண்டு பை குருதி பெற்றுவருமாறு மருத்துவர் என்னைப் பணித்தார். கோடை வெயில் கடுமையாக இருந்தது. குளிர் மிகுந்தால் காவலும் மிகும் என்றெண்ணி, பெட்டி நிறையப் பனிக்கட்டியை நிரப்பிக்கொண்டு சென்றேன்.

அங்குப் பணிபுரிந்த நங்கை அதனைக் கண்டு, "ஐயா, பனிக்கட்டி பையின்மீது நேரே படலாகாது. குருதி உறைந்தால் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். அதனை உடலில் ஏற்றினால் உயிருக்கே கேடு" என்றார். பின்னர்ப் பைகளுக்கும் பனிக்கட்டிக்கும் இடையே தடித்த அட்டையை வைத்துக் கொடுத்தார். காக்க எண்ணிச் செய்த செயலே கேடாய் முடிந்திருக்கும் அன்றோ என்று உளம் நடுங்கினேன்.

தமிழில் உறைதல் என்னும் சொல், கட்டியாதலையும் குளிரால் இறுகுதலையும் ஒருங்கே குறிக்கும். குருதியை இவ்விருவகை உறைதலினின்றும் காத்தல் வேண்டும். உடலை விட்டு நீங்கிய குருதி சில நிமிடங்களிலேயே கட்டியாகிவிடும். சோடியம் சிட்ரேட்டு என்னும் உப்பு, குருதியிலுள்ள சுண்ணச்சத்தைப் பற்றிக்கொண்டு அதனைத் தடுக்கும். இதனை மருத்துவர்கள் 1914-ஆம் ஆண்டில் குருதி ஏற்றுதற்குப் பயன்படுத்தினர். ஆயினும், சிவப்பணுக்கள் உணவின்றி நெடுநாள் நில்லா. 1916-இல் ரௌஸ், டர்னர் என்னும் அறிஞர் இருவர், சிட்ரேட்டுடன் சர்க்கரையும் சேர்த்துக் குளிரில் வைத்தால் அவ்வணுக்கள் சில வாரங்கள் கெடாதிருத்தலைக் கண்டனர். மறு ஆண்டே ராபர்ட்சன் என்னும் மருத்துவர், அவ்வாறு சேமித்த குருதியைப் பிரான்சு நாட்டுப் போர்முனையில் புண்பட்ட வீரர்க்கு ஏற்றினார்.

இக்காலத்தில் சிவப்பணுக்களை 2 முதல் 6 டிகிரி சென்டிகிரேடு குளிரில் வைக்கின்றனர். அக்குளிர் அணுக்களின் பசியைக் குறைக்கும். சர்க்கரை எஞ்சிய பசியைத் தீர்க்கும். இத்துணை பேணியும், சேர்க்கும் கரைசலுக்கேற்ப 35 அல்லது 42 நாள்களே அவற்றைக் குளிர்பெட்டியில் வைத்துப் பயன்படுத்தலாம்.

மாணவர்களே, நெல்லைப்போலக் குருதியைக் குதிரில் ஆண்டுக்கணக்காகச் சேர்த்துவைத்தல் இயலாது. கொடுப்போர் இடையறாது வந்தாலன்றி அக்களஞ்சியம் வெறுமையாகும். நான் ஏந்திவந்த பைகளில் நாள் குறித்திருந்தது. கொடுத்தவர் பெயர் இல்லை. என் மனைவி நலம்பெற்றாள். உறைதல் என்னும் சொல்லுக்குத் தங்குதல் என்னும் பொருளும் உண்டு. முன்பின் அறியாத ஒருவர் ஈந்த குருதி, அவள் உடலில் உறைந்து உயிர் காத்தது. பதினெட்டு வயது நிரம்பியபின், உடல்நலம் இசையுமாயின், நீங்களும் அவ்வாறு ஈவீர்களாக.