பழைய ஃபில்டருக்கு ஒரு பரீட்சை

மீன் விஷயத்தில் நான் ஒரு கொலைகாரன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுவது நல்லது. போன வருஷம் கொளத்தூரில் போய் மூணு கோல்ட் ஃபிஷ் வாங்கி வந்து, புத்தம்புது தொட்டியில், பளிங்கு மாதிரி தண்ணியில் விட்டேன். ஒன்பதே நாள். மூணும் காலி. மீன் மேலேயும் தப்பில்லை, வித்தவர் மேலேயும் தப்பில்லை, முழுக்க முழுக்க அடியேன் கைங்கரியம்.

பொண்ணுக்கு அப்போ ஆறு வயசு. "மீனெல்லாம் எங்கப்பா?"ன்னு கேட்டா. "கடைக்கார மாமா வீட்டுக்கு லீவுக்குப் போயிருக்கு"ன்னு ஒரு பொய்யை அவிழ்த்து விட்டேன். தொட்டி காலியாக பரணுக்குப் போனது.

இப்போ எதுக்கு இந்த கொசுவத்தின்னு கேக்கறீங்களா? ரெண்டு மாசம் முன்னாடி ஆவடியில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் கூப்பிட்டார். டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். விஜயந்தா காலத்தில் சேர்ந்து அர்ஜுன் வரைக்கும் பார்த்தவர். (டேங்க் ஃபேக்டரிக்காரர் வீட்டுல மீன் டேங்க்! இதைச் சொல்லி நான் சிரித்ததை அவர் ரசிக்கவில்லை.) கோவில்பட்டியில் மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறாராம். மீன்களை ஒரு நண்பருக்குக் கொடுத்துவிட்டார். ஃபில்டர் மட்டும் மிச்சம்.

"தம்பி, நாலு வருஷம் ஓடின ஃபில்டர். நல்லா சைக்கிள் ஆனது. அப்படியே மாட்டி மறுநாளே மீன் விடலாம். எடுத்துட்டுப் போ" என்றார்.

சைக்கிள் என்றால் அம்பத்தூர்க்காரனுக்கு 1949ல் ஆரம்பித்த டி.ஐ. சைக்கிள்ஸ்தான் ஞாபகத்துக்கு வரும். இது வேற சைக்கிள். மீன் மூச்சு விடும்போது செவுள் வழியாக அமோனியா வெளியே வரும். மிச்சம் கிடக்கும் தீனி அழுகினாலும் அதேதான். அமோனியா விஷம். அதைத் தின்று நைட்ரைட்டாக மாற்ற ஒரு வகை பாக்டீரியா இருக்கு. நைட்ரைட்டும் விஷம்தான், மீன் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற விடாது. அதை நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு வகை. நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, வாரா வாரம் கொஞ்சம் தண்ணி மாற்றினால் தீர்ந்தது. இந்த ரெண்டு வகையும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் பீங்கான் வளையத்திலும் ஒட்டிக்கொண்டு குடித்தனம் நடத்த ஒரு மாசம், ஒன்றரை மாசம் ஆகும். ரெண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். நன்னீர் தொட்டிகளில் அது நைட்ரோஸ்பைரா என்று 1990களின் கடைசியில் கண்டுபிடித்தார்கள். அதிலேயே ரெண்டு வேலையையும் தனி ஆளாகச் செய்யும் ரகம் உண்டு என்று 2015ல் தெரிய வந்தது.

என் கோல்ட் ஃபிஷ் செத்தது ஏன்னு இப்போ புரிஞ்சிருக்குமே. பளிங்கு மாதிரி தண்ணி, ஆனா சமையல்காரன் இல்லாத வீடு.

பெரியவர் ஸ்பாஞ்சையும் வளையங்களையும் தொட்டித் தண்ணியோடவே ஒரு பக்கெட்டில் போட்டுக் கொடுத்தார். "காய விட்டுடாதே. டப்பாவுக்குள்ள மூடியும் வைக்காதே, மூச்சு முட்டிச் செத்துடும்" என்றார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் கரண்ட் போனபோது ஸ்பாஞ்சை எல்லாம் வெளியே எடுத்து, அகலமான தட்டில் ஈரமாகப் பரப்பி வைத்துக் காப்பாற்றினாராம். ஓட்டமில்லாத மூடின டப்பாவில் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்து விடும். அப்புறம் கரண்ட் வந்ததும் அந்த அழுகல் தண்ணி அப்படியே தொட்டிக்குள் போகும். அனுபவசாலி பேச்சு. நான் பக்கெட்டை ஸ்கூட்டரில் கால் நடுவில் வைத்துக்கொண்டு, சி.டி.எச். ரோடு பள்ளத்திலெல்லாம் குதித்து, அம்பத்தூர் ஓ.டி. வந்து சேர்ந்தேன்.

வந்து குளித்துவிட்டு வெளியே வந்தால்... அவ்வ்வ்!

அம்மா மெட்ரோ வாட்டர் குழாயடியில் உட்கார்ந்து ஸ்பாஞ்சை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார். "என்னடா இது, இவ்ளோ சகதி! பாரு, புதுசு மாதிரி ஆக்கிட்டேன்." குளோரின் வாசனை என் மூக்கு வரைக்கும் வந்தது. நல்ல காலம், வளையங்களை "ஏதோ கல்லு"ன்னு பக்கெட்டிலேயே விட்டு வைத்திருந்தார். எழுபது வயசில் பையனுக்கு உதவி பண்ணின அம்மாவை என்ன சொல்வது? "தேங்க்ஸ்மா" என்றேன்.

இப்போ கேள்வி இதுதான். இந்த ஃபில்டர் சைக்கிள் ஆனதா இல்லையா? பெரியவர் ஆவடியில் இருந்த ஃபில்டருக்குத்தான் கியாரண்டி கொடுத்தார். துவைத்த ஃபில்டருக்கு இல்லை. பொண்ணுக்கு புதன்கிழமை பிறந்தநாள், மீன் வாங்கித் தருவதாக வேறு வாக்கு கொடுத்தாச்சு. தங்கமணி ஒரே வரியில் முடித்தார். "இன்னொரு தடவை சாவு விழுந்தா, நீங்களே பதில் சொல்லிக்குங்க."

பரீட்சை வைத்துப் பார்ப்பதுதான் ஒரே வழி. ரொம்ப சிம்பிள். மீன் இல்லாமல் அமோனியாவை மட்டும் போட்டு, 24 மணி நேரத்தில் ஃபில்டர் அதைத் தின்று முடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அமோனியாவுக்கு அமோனியம் குளோரைடு. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருபவர் வைத்திருப்பாரே நவச்சாரம், அதேதான். நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பதில் என்ன கலந்திருக்குமோ என்று பயந்து லேப் சரக்காகவே வாங்கினேன். 10 கிராமை 1 லிட்டர் தண்ணியில் கரைத்துக்கொண்டால், 50 லிட்டர் தொட்டிக்கு அதில் 32 மில்லி போதும். லிட்டருக்கு சுமார் 2 மில்லிகிராம் அமோனியா வரும். அளக்க, சொட்டு விட்டு நிறம் பார்க்கும் டெஸ்ட் கிட்.

போரிங் தண்ணியை நிரப்பி, எதுக்கும் இருக்கட்டும்னு ஃபில்டர் மாட்டும் முன்பே டெஸ்ட் பண்ணினேன். அமோனியா மஞ்சள், அதாவது பூஜ்யம். நைட்ரைட் வெளிர் நீலம், அதுவும் பூஜ்யம். நைட்ரேட்? நல்ல ஆரஞ்சு! எங்க ஏரியா நிலத்தடி நீரிலேயே நைட்ரேட் இருக்கு. (செப்டிக் டேங்க் உபயம் என்பது என் ஊகம்.) இது தெரியாமல் ரெண்டு நாள் கழித்துப் பார்த்திருந்தால், "ஆஹா, நைட்ரேட் வந்தாச்சு, ஃபில்டர் ரெடி"ன்னு குதித்திருப்பேன். அதனால மக்களே, முதலில் உங்க வீட்டுக் குழாய்த் தண்ணியை டெஸ்ட் பண்ணிடுங்க.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு 32 மில்லி ஊற்றினேன். அமோனியா பச்சை, 2.

திங்கள் காலை ஏழு மணி. அமோனியா மஞ்சள்! ஒரு நிமிஷம் தலைகால் புரியலை. அடுத்த குழாயில் நைட்ரைட்... கத்திரிக்காய் கலர். அதாவது முதல் சமையல்காரர் பிழைத்திருக்கிறார், ரெண்டாமவர் படுத்த படுக்கை. அமோனியா டெஸ்ட் மட்டும் பண்ணிட்டு மீன் விட்டிருந்தால், விஷம் மாறியிருக்கும், சாவு மாறியிருக்காது. செவ்வாயும் ஊதா. புதனும் ஊதா.

புதன்கிழமை பிறந்தநாள். புதுப் பாவாடை கட்டிக்கொண்டு, காலியாக ஓடும் தொட்டி முன்னாடி வந்து நின்றாள்.

"மீன் எப்பப்பா?"

"இன்னைக்கு இல்லடா செல்லம்."

"இன்னைக்கு வாங்கினா அதுவும் மாமா வீட்டுக்குப் போயிடுமா?"

பொய் சொல்ல வாய் வரலை. உட்கார்ந்து சொன்னேன். அந்த மூணு மீனும் எங்கேயும் போகலை, செத்துப் போச்சு, அப்பாவுக்கு விவரம் தெரியாமல் நடந்தது, இன்னைக்கு விட்டாலும் அப்படித்தான் ஆகும் என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"எனக்குத் தெரியும்பா. அம்மா செம்பருத்தித் தொட்டியில புதைச்சதைப் பார்த்தேன்."

ஒரு வருஷமாகத் தெரிந்தே இருந்திருக்கிறது. நான்தான் ஙேன்னு முழித்தேன்.

அப்புறம் அவளே, "ஊதா எப்ப நீலம் ஆகும்?" என்று கேட்டாள். அன்னையிலிருந்து டெஸ்ட் அவள் பொறுப்பு. சொட்டு எண்ணுவது, கடிகாரம் பார்த்து அஞ்சு நிமிஷம் காத்திருப்பது, காலண்டரில் கலர் பென்சிலால் கட்டம் தீட்டுவது. வியாழன் இளம் ஊதா. சனிக்கிழமை காலை, "அப்பா, நீலம்!" என்று கத்தினதில் அம்மாவே எழுந்து வந்துவிட்டார்.

அதோடு விடவில்லை. மறுபடி 32 மில்லி. இதுதான் நிஜமான பரீட்சை. ஞாயிறு காலை அமோனியா மஞ்சள், நைட்ரைட் நீலம். பாஸ்! சேர்ந்திருந்த நைட்ரேட் குறைய முக்கால்வாசி தண்ணியை மாற்றிவிட்டு, சாயங்காலம் கொளத்தூர் போய் அஞ்சே அஞ்சு ஜீப்ரா மீன் வாங்கினோம். கோல்ட் ஃபிஷ் 50 லிட்டருக்கு ஆகாது, அதுவும் என் பழைய தப்பில் சேர்த்தி. ஒரு வாரம் தினமும் டெஸ்ட் பண்ணினோம். காலண்டரில் மஞ்சளும் நீலமும் தவிர வேறு கலர் வரவில்லை. ரெண்டு மாசம் ஆச்சு, அஞ்சும் சுத்திச் சுத்தி வருகின்றன.

பெரியவருக்கு போன் போட்டேன். ஸ்பாஞ்ச் துவைத்த கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அம்மாவைத் திட்டினியா?" என்றார். இல்லை என்றேன். "நல்லது. நானும் முதல் வருஷம் அதைத்தான் பண்ணினேன் தம்பி" என்றார்.

டிஸ்கி: ஸ்பாஞ்ச் அழுக்காக இருந்தால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணியிலேயே லேசாக அலசவும். குழாய்த் தண்ணி வேண்டாம். எங்க வீட்டில் இப்போ குழாயடியில் இதை எழுதியே ஒட்டியாச்சு. எழுத்து பொண்ணோடது.