சக்குலண்டும் காரியாபட்டி ராத்திரியும்

கொடைக்கானலுக்கு டூர் போய்த் திரும்பும் பிள்ளைகளின் பைகளில் சாக்லேட், யூகலிப்டஸ் தைலத்தோடு இப்போதெல்லாம் இன்னொன்றும் இருக்கிறது. உள்ளங்கையளவு பிளாஸ்டிக் தொட்டி, அதில் ரோஜாப்பூ மாதிரி இலை அடுக்கிய குட்டிச் செடி. சக்குலண்ட் என்று சொல்லி விற்கிறார்கள். "தண்ணியே வேணாம்மா, சும்மா வச்சாப் போதும்" என்பது விற்பவர் தரும் கேரண்டி. காரியாபட்டிக்கு வந்து ஹாலில் டிவி பக்கத்தில் உட்காரும் அந்தச் செடி, பல வீடுகளில் ஒரு கோடையைத் தாண்டுவதில்லை. இலை கண்ணாடி மாதிரி ஆகும், தண்டு கறுக்கும், ஒரு நாள் காலையில் தொட்டால் மொத்தமும் கையோடு வந்துவிடும். அந்த வீட்டு அம்மா சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "எனக்குக் கைராசி இல்ல."

கைராசி மேல் பழி போடுவதற்கு முன்னால் தெர்மாமீட்டரைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு குழப்பம். விருதுநகர் மாவட்டமே வறண்ட பூமி. மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு. சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் வேர்விட்டதற்கு அந்தக் காய்ந்த காற்றும் ஒரு காரணம். சக்குலண்டும் வறண்ட இடத்துச் செடிதானே, அப்படியானால் காரியாபட்டி அதற்குச் சொர்க்கமாக அல்லவா இருக்க வேண்டும்? ஏன் செத்துப்போகிறது?

இதற்குப் பதில் பகலில் இல்லை, ராத்திரியில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதற்கான ஒரு நூல்முனையைப் பிடித்தவர் இந்தப் பக்கம் வாழ்ந்த ஒரு மனிதர் என்பது பலருக்குத் தெரியாது. ஜெர்மனியில் பிறந்து, தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த பெஞ்சமின் ஹெய்ன். தோட்டத்தில் இருந்த ரணகள்ளி இலையை மனிதர் மென்று பார்த்திருக்கிறார். காலையில் மென்றால் நல்ல புளிப்பு. மத்தியானம் ஒரு ருசியும் இல்லை. சாயங்காலம் லேசான கசப்பு. இதை 1813இல் ஒரு கடிதமாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் 1815இல் அச்சிட்டது. (யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். ஆடு மாடுகளுக்கே ஆகாத நச்சு அந்தச் செடியில் உண்டு.)

அந்தப் புளிப்புக்கு அர்த்தம் என்ன என்பது பின்னால்தான் தெளிவானது. மற்ற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை வாங்குகின்றன. கள்ளி, கற்றாழை வகையறாக்கள் பகலில் கதவைச் சாத்திவிடும். திறந்தால் இருக்கிற தண்ணீரெல்லாம் ஆவியாகிவிடுமே. ராத்திரி குளிர்ந்த பிறகு திறந்து, வாங்கிய வாயுவை மாலிக் அமிலமாக மாற்றி இலைக்குள் சேர்த்து வைக்கும். விடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, சேர்த்ததை எடுத்து வெயிலில் சமைக்கும். காலை இலை புளிப்பதும் மத்தியானம் சப்பென்று ஆவதும் இதனால்தான். தினசரிச் சம்பளம் மாதிரி, ராத்திரி சம்பாதித்தால்தான் பகலில் சாப்பாடு.

இப்போது காரியாபட்டிக்கு வந்தால் கதை புரியும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மே மாதத்தில்கூடப் பகல் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான். அந்த ரோஜா மாதிரிச் செடி, அதாவது எச்செவெரியா, பிறந்ததும் பெரும்பாலும் மெக்சிகோவின் மலைப்பகுதிகளில். அங்கே பகல் எப்படிக் காய்ந்தாலும் ராத்திரி குளிர்ந்துவிடும். காரியாபட்டியில் மே மாதப் பகல் 38, 40 என்று போகிறது. அதைக்கூட நிழலில் வைத்துச் சமாளிக்கலாம். ராத்திரி 25க்குக் கீழே இறங்கவே அடம்பிடிக்கிறதே, அதுதான் வில்லன். ராத்திரி சூடாக இருந்தால் சேரும் அமிலம் குறையும், மூச்சுவிடுவதில் கரையும் சர்க்கரை கூடும். வரவு குறைந்து செலவு ஏறிய குடும்பம் எத்தனை நாள் தாங்கும்?

இந்த நிலையில் செடி வளர்ச்சியை நிறுத்திவிட்டுத் தூங்கப் பார்க்கிறது. வேர் தண்ணீர் கேட்பதில்லை. ஆனால் "வெயிலா இருக்கே, பாவம்" என்று தினமும் ஒரு டம்ளர் ஊற்றப்படுகிறது. வெதுவெதுப்பான ஈரம் பூஞ்சைக்கு விருந்து. இந்தச் செடிகளில் பாதி பாசத்தால்தான் சாகின்றன.

இலை சுருங்கி மெலிந்திருந்தால் தாகம். உப்பிக் கண்ணாடி மாதிரி, தொட்டால் கொழகொழவென்று இருந்தால் அழுகல். இந்த வித்தியாசம் ஒன்று தெரிந்தாலே பல செடிகள் பிழைக்கும்.

இன்னொரு வேடிக்கை, செடியை ராத்திரி வீட்டுக்குள் எடுத்து வைப்பது. நாள் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் கூரை, நடுராத்திரி வரை அந்தச் சூட்டை அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். அதனால்தானே மனுஷனே மாடித் தரையில் இரண்டு வாளி தண்ணீர் தெளித்துவிட்டுப் பாய் விரிக்கிறான். செடிக்கும் அதே இடம்தான் சரி. பகலில் கிழக்கு ஜன்னல் அல்லது சன்ஷேடு நிழல். பொழுது சாய்ந்ததும் மொட்டை மாடி, வெறும் தரையில் அல்ல, இரண்டு செங்கல் மேல். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வெயிலில் வேரை அவித்துவிடும், அதை முதலில் மாற்ற வேண்டும். மானாமதுரைப் பக்கம் சுடுகிற மாதிரியான மண் தொட்டி நல்லது. பானைத் தண்ணீர் குளிரும் அதே வித்தையில், தொட்டியின் சுவர் வழியாக ஈரம் கசிந்து வேரையும் குளிர்விக்கும். கரிசல் மண்ணை மட்டும் போட்டு நட்டால் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. பாதிக்கு மேல் ஆற்று மணலும் உடைத்த செங்கல் தூளும் வேண்டும். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றினால் போதும், அதுவும் இருட்டிய பிறகு. சின்டெக்ஸ் டேங்கில் மத்தியானம் வருவது தண்ணீர் இல்லை, வெந்நீர்.

ஏசி அறையா? 24 டிகிரி பிடிக்கும்தான். ஆனால் வெளிச்சம் போதாமல் கழுத்து நீண்டு அசிங்கமாகிவிடும். ஒரு தொட்டிக்காக ராத்திரியெல்லாம் ஏசி ஓட்டினால் வருகிற கரண்ட் பில்லில் நூறு செடி வாங்கலாம்.

உண்மையில் செடியை மாற்றுவதுதான் சுலபம். ராத்திரி சூடாக இருக்கும் ஊரில் பிறந்தவையாகப் பார்த்து வாங்க வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவின் ஸ்நேக் பிளாண்ட் வீட்டுக்குள்ளேயே நிற்கும். அடீனியம் வெயிலைக் கேட்டு வாங்கும். சோற்றுக்கற்றாழை மே மாதத்தில் செம்பழுப்பாக மாறிப் பயமுறுத்தும், ஒரு மழைக்குப் பிறகு பச்சையாகிவிடும். வேலியில் படரும் பிரண்டையும் தரிசில் முளைக்கும் கல்லிமுளையானும் இதே ராத்திரிக் கணக்கில்தான் பிழைக்கின்றன. யாரும் அவற்றுக்குத் தொட்டி வாங்கித் தருவதில்லை, அவ்வளவுதான்.

எச்செவெரியாதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் கார்த்திகையில் வாங்கலாம். மார்கழி, தையில் ராத்திரி 20 டிகிரி பக்கம் இறங்கும். காரியாபட்டியில் அது நன்றாக வளர்வது அந்த மாதங்களில்தான். நன்கு முற்றிய இலையாக நாலைந்து கிள்ளி, இரண்டு நாள் காயவிட்டு, மணல்மேல் சும்மா படுக்க வைத்தால் மூன்று நான்கு வாரத்தில் இளஞ்சிவப்பாக வேர் எட்டிப் பார்க்கும். தாய்ச்செடி மே மாதத்தில் போனாலும் குட்டி ஒன்றிரண்டு தேறும்.