என் செருகுநிரல் இன்னொருவர் கணினியில் செய்தது

நீண்ட பதிவு. நுண்ணோக்கிப் படங்களோடு மல்லுக்கட்டும் ஆய்வு மாணவர்களுக்கும், தம் ஆய்வுக்கென்று சிறு மென்பொருள் எழுதிப் பிறருக்கும் கொடுப்பவர்களுக்கும் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

கடந்த ஜூன் மாதத்தில் ஓர் இரவு, வடகிழக்கு மாநிலம் ஒன்றிலிருந்து முதுநிலை மாணவி ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். இலைத்துளைகளை எண்ணுவதற்கு நான் எழுதிய செருகுநிரல் அவருடைய ஆய்வகத்தில் நன்றாக இயங்குகிறதாம். ஆனால் அதே கணினியில் அவர் பயன்படுத்தும் வேறொரு செருகுநிரல் நான்கு நாள்களாகத் திறக்கவில்லை. ‘மேடம், அதை எழுதியவரிடமிருந்து பதில் வரவில்லை. உங்களுக்கு ஏதேனும் தெரிந்திருக்குமா? ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஒன்பது நாள்களே உள்ளன’ என்று கேட்டிருந்தார். பிழைச்செய்தியையும் இணைத்திருந்தார்: ‘நோ சச் மெதட் எரர்’. அழைக்கப்பட்ட மெதட் இல்லை என்று பொருள்.

அந்தச் செருகுநிரலைச் சரியாக எழுதவில்லை போலும் என்று பதில் எழுதத் தொடங்கினேன். பாதியில், பிழைச்செய்தியின் நடுவில் இருந்த ‘குவாவா’ என்னும் பெயர் கண்ணில் பட்டது. கூகுள் வெளியிடும் ஜாவா நிரலகம் அது. எங்கோ பார்த்த பெயராயிற்றே என்று என் கோப்பையே திறந்து பார்த்தேன். அதனுள் குவாவாவின் பழைய பதிப்பொன்று முழுமையாக உட்கார்ந்திருந்தது.

இங்கே சற்று விளக்க வேண்டும். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் வெய்ன் ராஸ்பேண்ட் 1997-இல் உருவாக்கிய இமேஜ்ஜே என்னும் படப்பகுப்பாய்வு மென்பொருளைப் பல செருகுநிரல்களோடு சேர்த்துக் கட்டிய தொகுப்பே ஃபிஜி. உயிரியல் ஆய்வகங்களில் அதை அறியாதார் அரிது. அதன் கோப்புறைக்குள் ‘ஜார்ஸ்’, ‘பிளகின்ஸ்’ என இரு உட்கோப்புறைகள் உண்டு. எல்லாச் செருகுநிரல்களுக்கும் பொதுவான நிரலகங்கள் முதலாவதில் இருக்கும். நாம் எழுதுவது இரண்டாவதில் போய்ச் சேரும். ஆயினும் இயங்கும்போது இவற்றுக்கிடையே சுவர் கிடையாது. ஒரே பெயரில் இரண்டு கிளாஸ்கள் இருந்தால் ஜாவா முதலில் கண்டதை எடுத்துக்கொள்ளும். பதிப்பு எண்ணை அது கேட்பதில்லை. அந்த மாணவியின் கணினியில் என் பழைய குவாவா முந்திக்கொண்டது. அவருடைய செருகுநிரல் புதிய குவாவாவில் மட்டுமே உள்ள ஒரு மெதட்டைத் தேடிக் கிடைக்காமல் விழுந்தது. என்னுடையதோ பழையதைக் கொண்டே தொகுக்கப்பட்டது என்பதால் எவ்விதக் குறையுமின்றி ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் யாருக்கும் என்மீது ஐயம் எழவில்லை, எனக்கும்.

என் கோப்பை நீக்கிவிட்டு ஃபிஜியை மீண்டும் தொடங்குமாறு அந்த இரவே எழுதினேன். காரணத்தையும் மறைக்காமல் எழுதினேன். மறுநாள் காலை, ‘சரியாகிவிட்டது மேடம், மிக்க நன்றி’ என்று பதில் வந்தது. அவருடைய நான்கு நாள்களைத் தின்றவள் நான். அந்த நன்றியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

எல்லா நிரலகங்களையும் ஒரே கோப்பில் திணித்தது சோம்பலால் அன்று. எங்கள் நுண்ணோக்கியோடு இணைந்த கணினிக்கு இணைய இணைப்பு இல்லை. பல ஆய்வகங்களில் இதுவே நிலை. ஃபிஜியின் புதுப்பிப்புத் தளங்கள் வழியாக நிறுவுவது அங்கே இயலாது. பென் டிரைவில் ஒரு கோப்பைக் கொண்டுபோய் வைத்தால் வேலை நடக்க வேண்டும். என் நெறியாளரும் ‘ஒரே கோப்பு, நல்ல வசதி’ என்று பாராட்டினார். கட்டுச்சோற்றோடு பயணம் போவதைப் போன்ற பொறுப்புணர்ச்சி என்றே நானும் எண்ணியிருந்தேன்.

இத்தனைக்கும் குவாவாவை நான் கேட்கவே இல்லை. மேவன் கோப்பில் நான் எழுதியிருந்தவை நான்கே நிரலகங்கள். சார்புகளை மரமாகக் காட்டும் கட்டளையை அன்றுதான் முதன்முறையாக இயக்கினேன். 31 பெயர்கள் வந்தன. நான்காமவர் தம் சுற்றத்தாரை எல்லாம் அழைத்து வந்திருந்தார். ஒரே நிரலகத்தின் இரு பதிப்புகள் எதிர்ப்பட்டால் மேவன் புதியதைத் தேர்ந்தெடுக்கும் என்று நம்பியிருந்தேன், அதுவும் தவறு. மரத்தில் நம் நிரலுக்கு எது அருகில் இருக்கிறதோ அதையே அது எடுக்கிறது, பழையதாயினும்.

தீர்வாக மூன்று வழிகள் தென்பட்டன. ஃபிஜியிலேயே உள்ள நிரலகங்களை ‘புரவைடட்’ என்று குறித்துவிட்டு, அவற்றை நம் கோப்பில் சேர்க்காமல் விடுவது ஒன்று. ஒன்றோடொன்று ஒத்துப்போகும் பதிப்புகளின் பட்டியலை ‘பாம் சைஜாவா’ என்னும் தாய்க்கோப்பாக ஃபிஜி சமூகத்தார் பேணி வருகிறார்கள். அதைப் பெற்றோராக அறிவித்தால் பதிப்பு எண்களை நாம் எழுத வேண்டியதே இல்லை. இப்படி ஒன்று இருப்பதை மூன்றாம் ஆண்டில் அறிந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது வழி, உள்ளே வைக்கும் நிரலகத்தின் பொதிப்பெயரையே மாற்றிவிடுவது. மேவனின் ‘ஷேட்’ இதைச் செய்யும். பெயர் வேறாகிவிட்டால் மோதல் இல்லை. அப்பாச்சியின் காமன்ஸ் மேத் நிரலகத்தார் தாமாகவே இதைச் செய்தார்கள்: பழைய பதிப்போடு ஒத்துப்போகாத மூன்றாம் பதிப்பை வெளியிட்டபோது பொதிப்பெயரிலேயே 3 என்ற எண்ணைச் சேர்த்தார்கள். பழையதும் புதியதும் ஒரே வீட்டில் சண்டையின்றி வாழ்கின்றன. எல்லோரும் இவ்வளவு அக்கறை காட்டினால் எனக்கு அந்த மின்னஞ்சல் வந்திருக்காது. ஆனால் நாமே பெயர் மாற்றி ஒளித்துவைப்பதில் வேறொரு சிக்கல் உண்டு. 2021 டிசம்பரில் லாக்4ஜே நிரலகத்தில் கடுமையான பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, தனிக்கோப்பாக இருந்தவற்றைக் கண்டுபிடித்து மாற்றுவது எளிதாக இருந்தது. பிற கோப்புகளின் வயிற்றுக்குள் புதைந்திருந்தவற்றைத் தேடுவதுதான் பெரும்பாடாயிற்று. எழுதியவரின் பெயரும் உரிமக் குறிப்பும் அப்படியே புதைந்துபோகக்கூடும். பிறர் கட்டுரையை மேற்கோள் காட்டாமல் பயன்படுத்துவதைப் பிழை என்று கற்ற நமக்கு அது உறுத்த வேண்டும்.

மூன்றாவது வழி எளியது: அந்த நிரலகம் தேவையா என்று கேட்பது. குவாவாவை அழைத்து வந்த நான்காமவரிடம் நான் பெற்றது, அருகருகே உள்ள இலைத்துளைகளுக்கிடையே தொலைவைக் கணக்கிடும் ஒரே ஒரு செயல்தான். அதை நாற்பது வரிகளில் நானே எழுதிவிட்டேன். புள்ளியியல் கணக்குகளை அவ்வாறு எழுதத் துணியவில்லை. அவற்றுக்கு ஃபிஜியில் இருக்கும் காமன்ஸ் மேத்தையே நம்பியிருக்கிறேன். ஃபிஜி நாளை அந்தப் பதிப்பை மாற்றினால் என் நிரலும் அசையும். ஆகவே வெளியிடுமுன் புதிதாக இறக்கிய ஃபிஜி ஒன்றிலும், பலரும் பயன்படுத்தும் செருகுநிரல்கள் நிறைந்த இன்னொன்றிலும் ஓட்டிப் பார்க்கிறேன். முன்பெல்லாம் என் கணினியில் மட்டும் சோதித்து ‘சோதிக்கப்பட்டது’ என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

நிரல் விழுந்தது நல்லதாயிற்று என்று பிறகு தோன்றியது. விழாமல், வேறொரு பதிப்பைக் கொண்டு வேறோர் எண்ணிக்கையைத் தந்திருந்தால்? அந்த அச்சத்தில் என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலுக்குரிய படங்கள் அனைத்தையும் இரண்டு இரவுகள் மீண்டும் ஓட்டினேன். எண்கள் மாறவில்லை. ஆனால் மாறியிருந்தால் ஏன் என்று கண்டறிய என்னிடம் ஆதாரம் ஏதும் இருந்திருக்காது. நுண்ணோக்கியின் வில்லையையும் சாயத்தின் தயாரிப்பாளரையும் குறித்திருந்த என் ஆய்வுமுறைப் பகுதியில், மென்பொருளைப் பற்றி ‘ஃபிஜி பயன்படுத்தப்பட்டது’ என்ற இரு சொற்களே இருந்தன. இப்போது பின்னிணைப்பாக நிரலகங்களின் பதிப்பு அட்டவணை சேர்ந்திருக்கிறது. ‘இதை யாரம்மா படிக்கப் போகிறார்கள்?’ என்று நெறியாளர் கேட்டார். ஆனால் நீக்கச் சொல்லவில்லை.

அந்த மாணவி உரிய நாளில் சமர்ப்பித்துவிட்டார். பழைய கோப்பு இன்னும் பென் டிரைவ் வழியாக ஆய்வகம் ஆய்வகமாகப் போய்க்கொண்டிருக்கிறது. சென்ற வாரம்கூட ஒரு கல்லூரியில் கண்டேன். உங்கள் நுண்ணோக்கிக் கணினியின் ‘பிளகின்ஸ்’ கோப்புறையில் என் செருகுநிரல் 14 மெகாபைட் அளவில் இருந்தால், அருள்கூர்ந்து நீக்கிவிடுங்கள். புதியது 190 கிலோபைட். வேண்டுவோர் உட்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன்.