வலிக்காத பச்சை

கண்டிக்கு அருகே, கிரிக்கெட் மைதானத்தால் பெயர்பெற்ற பல்லேகலவில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய மகள் கையில் பச்சை குத்திக்கொள்ளப் போகிறாளாம். தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பொன்றை இணையத்தில் வாங்கி வைத்திருந்தாள்.

"வலிக்கவே வலிக்காது மாமா."

குழாயில் லிடோகெயின் 10 சதவீதம் என்று அச்சிட்டிருந்தது. மருத்துவர் சீட்டின்றி விற்கும் களிம்பில் 4 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்த வேண்டாமென்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 மார்ச்சில் எச்சரித்திருந்தது. நரம்பின் வலிச் செய்தியைத் தடுக்கும் மருந்து அது. பரந்த இடத்தில் நெடுநேரம் பூசினாலோ, பூசியபின் பிளாஸ்டிக் தாளால் சுற்றினாலோ இரத்தத்தில் மிகுதியாகக் கலக்கும். வலிப்பு, மூச்சுத் திணறல், இதயத் துடிப்புக் கோளாறு வரை போகலாம். சொன்னேன், சிரித்தாள்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர் அவள் அப்பாயி. மங்கிய பச்சைக் கோலம் பதிந்த முன்கையை நீட்டினார்.

"எட்டு வயசுல குத்துனாங்க. கத்தக் கத்தக் கையப் புடிச்சுக்கிட்டாங்க. வேணுமான்னு யாரும் கேக்கல. இந்தக் களிம்பு அப்ப இருந்திருந்தா நானும் பூசியிருப்பேன். ஆனா விசாரிச்சுட்டுப் பூசு, தாயி."

வலியைத் தாங்குவது பெருமை என்று நானும் சொல்லவில்லை. மறுநாள் குழாயை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குக் கிளம்பினாள், மருந்தாளரிடம் கேட்க.