கழித்தல் அட்டை

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007இல் எங்கள் ஒன்றியத்துக்கும் வந்தது. ஒன்று முதல் நான்கு வரை எல்லா வகுப்பும் கலந்து பாயில் உட்காரும். புத்தகத்துக்குப் பதில் அட்டை. "சார், எம்புள்ள சீட்டு வெளையாடிட்டு வர்றான்" என்று ஒரு அப்பா சண்டைக்கே வந்தார். எனக்கும் அதே நினைப்புதான். பக்கத்து அறை டீச்சர் நேர்மாறு. "நாப்பது பேருக்கும் ஒரே நாள்ல ஒரே பாடம் எப்படி சார் ஏறும்?" என்பார்.

செங்கல் சூளைக்குப் போயிருந்த ஒரு பெண் மூன்று மாதம் கழித்து வந்தாள். பழைய முறையென்றால் கடைசி வரிசைதான். இவளோ ஏணிப்படியில் தான் விட்ட இடத்தைப் பார்த்து, அட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். யாரையும் கேட்கவில்லை.

அன்றே மாறிவிட்டேன் என்றால் பொய். அதே அறையில் ஒரு பையன் ஒரே கழித்தல் அட்டையை வாரக்கணக்கில் வைத்துக்கொண்டிருந்தான். மும்முரமாக எழுதுவது போலவே இருப்பான். கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாமலே ஐந்தாம் வகுப்புக்குப் போனான். கரும்பலகையில் நடத்தியிருந்தால் முகத்தைப் பார்த்தே பிடித்திருப்பேன் என்று டீச்சரிடம் சொன்னேன்.

"அட்டை என்ன சார் பண்ணும்? நீங்க அவன் பக்கத்துல உக்காரவே இல்லையே."

பத்து நாள் அவரிடம் பேசவில்லை.

அந்தப் பையன் இப்போது பஸ் ஸ்டாண்டில் பழக்கடை வைத்திருக்கிறான். போன வாரம் கால்குலேட்டரில் கழித்துப் பார்த்து மீதி கொடுத்தான். எண்ணாமல் வாங்கிக்கொண்டேன்.