பித்தர்களின் தராதரம்

சென்ற வாரம் என் பேரன் பாடசாலையிலிருந்து முகம் வாடி வந்தான். வயது 13, கணினியே கதியென்று கிடப்பவன். வகுப்புப் பிள்ளைகள் அவனை 'நேர்ட்' என்று கூவி நகைத்தார்களாம். "அதற்குத் தமிழ் என்ன, அம்மப்பா?" என்று கேட்டான்.

"பித்தர்" என்றேன். "நம்மவர் இறைவனையே பித்தன் என்று அழைத்து மகிழ்ந்தவர்கள். ஆகையால் நீ அழ வேண்டியதில்லை."

மற்றவர்கள் 'போதும்' என்று எழுந்து போன பின்னரும் 'போதாது' என்று உட்கார்ந்திருப்பவர் எவரோ அவரே பித்தர். ஆனால் பித்தர் எல்லோரும் ஒரே தரத்தினர் அல்லர். பரீட்சை நடத்துவோர் எவரும் இத்துறையில் இன்னுங் கைவையாமையால், பெறுபேறுகளை நானே வெளியிடத் துணிந்தேன். கீழிருந்து மேலாக வாசிக்கின்றேன், நேயர்கள் பொறுத்தருள்க.

ஐந்தாம் இடம்: முத்திரைப் பித்தர். இவர் கடிதத்தை வாசியார், உறையையே வாசிப்பார். மரணச் செய்தி தாங்கி வந்த கடிதமாயினும், முத்திரையின் ஓரப் பற்களை எண்ணி முடித்த பின்னரே கண்ணீர் விடுவார். இலங்கையின் முதல் முத்திரை 1857இல் வெளிவந்ததென்பதை, கேளாமலே நமக்குச் சொல்லுவார். பிரித்தானிய கயானாவில் 1856இல் வெளியான ஒரு சத முத்திரையொன்று 2014இல் ஏறக்குறைய 95 இலட்சம் டொலருக்கு விலைபோன கதையை, வீட்டில் அரிசி இல்லையென்று மனைவி கூறும் வேளையிலே எடுத்துரைப்பார். நாம் ஆசையோடு விரலை நீட்டினாலோ, "தொடாதேயும்!" என்று அலறுவார். பிறர் தொட்டால் மதிப்புக் குறையும் பித்து இது. ஆதலால் கடைசி இடம்.

நான்காம் இடம்: கிரிக்கெட் கணக்குப் பித்தர். மட்டையைக் கையால் தொட்டறியாதவர். ஆயினும் மட்டை பிடித்த அனைவரது கணக்கும் இவர் நாவிலே உண்டு. 1948இல் பிரட்மன் தமது கடைசி ஆட்டத்தில் 4 ஓட்டங்கள் எடுத்திருந்தால் சராசரி 100 ஆகியிருக்கும். ஓட்டமெதுவும் பெறாமல் வெளியேறியதால் 99.94 என நின்றுவிட்டது. இத்துயரை ஒருவர், தாலி கட்டும் வேளையில், மாப்பிள்ளையின் தகப்பனாரிடம் சொல்லிக் கலங்கியதை நான் கண்டேன். 2010இல் காலியிலே முரளிதரன் தம் கடைசிப் பந்தில் 800ஆவது விக்கெட்டை வீழ்த்திய கதையைக் கூறித்தான் அவரைத் தேற்றினோம். எனினும் வாசிகசாலையில் எழும் வழக்குகளை மேன்முறையீடின்றித் தீர்த்துவைப்பவர் இவரே. அந்தத் தொண்டுக்காக ஓரிடம் உயர்த்தினேன்.

மூன்றாம் இடம்: கணினிப் பித்தர். உலகத்தார் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவர். இவரோ பூச்சியத்திலிருந்து தொடங்குவார். "மூன்று வாழைப்பழம் கொண்டுவா" என்றால் என் பேரன் நான்கு கொண்டுவருவான். கேட்டால், "0, 1, 2, 3" என்பான். கணினிப் பிழையைப் பூச்சி என்று சொல்லும் வழக்கம் இவர்களிடம் உண்டு. 1947இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக் கணினியொன்றில் மெய்யாகவே ஒரு விட்டில் அகப்பட, அதனைப் பதிவேட்டிலே ஒட்டிவைத்தார்கள். நாமென்றால் தட்டி எறிந்திருப்போம். பித்தர்களோ அதற்குப் பதிவு எழுதினார்கள். ஊரார் கைத்தொலைபேசி மௌனமானால் நள்ளிரவிலும் படலையைத் தட்டுவது இவர் வீட்டிலேதான்.

இரண்டாம் இடம்: ஏட்டுப் பித்தர். என் தங்கையின் திருமண அழைப்பிதழில் ஓர் ஒற்று விடுபட்டதென்று சிவப்பு மையால் திருத்தித் திருப்பியனுப்பினார் ஒரு தமிழாசிரியர். விருந்துக்கு வந்தார்; ஆனால் உண்ணுமுன் ஒற்று மிகும் விதியை விளக்கினார். சோறு ஆறிற்று. ஆயினும் இவ்வினத்தாரை நான் எளிதிலே நகையேன். சிறுப்பிட்டியிலே 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, தொட்டால் ஒடியும் ஏடுகளைத் தேடி அலைந்து, 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். உத்தியோகமும் ஊதியமும் உள்ள ஒருவருக்கு இஃதென்ன வேலை என்று அயலார் எண்ணியிருக்கக் கூடும். செல்லுக்கு இரையாகாமல் நமக்கு நூல்கள் எஞ்சியது இத்தகைய பித்தர்களாலன்றோ?

முதலாம் இடம்: வானொலிப் பித்தர். இங்கே என் நகைப்புச் சற்றுத் தடைப்படுகின்றது.

என் குஞ்சியப்பா வானொலிகளைப் பிரித்துப் பூட்டுவதையே வாழ்வாகக் கொண்டவர். விறாந்தை முழுவதும் கம்பியும் வால்வும் ஈயப் புகையுமாயிருக்கும். இராப்பொழுதில் சிற்றலையிலே ஏதோவொரு தேசத்தின் கரகரப்பைச் செவிமடுத்துப் புன்னகைத்துக்கொண்டிருப்பார். மாணவனாயிருந்த நான் அவருக்குக் 'கரகரப்பா' என்று பெயர் சூட்டினேன். அது ஒழுங்கையைக் கடந்து ஊர் முழுவதும் பரவிற்று. பெயரின் ஆசிரியர் யாரென்பது மாத்திரம் மறைந்திருந்தது.

1990இல் போர் மீண்டும் மூண்டபின் எங்கள் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் அற்றுப்போயிற்று. மின்கலங்களுக்கும் தடை வந்தது. ஊரிலிருந்த வானொலிகள் யாவும் ஊமையாயின. அன்று குஞ்சியப்பா ஒரு துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து நிறுத்தினார். டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலி வேண்டுவதோ நேரோட்டம். நான்கு இருவாயிகளைப் பற்றவைத்து, ஒரு கொள்ளளவியையும் இணைத்துக் கொடுத்தார். மிதிகட்டையைக் கையாற் சுழற்ற, லண்டனிலிருந்து பி.பி.சி. தமிழோசை முற்றத்திற்கு வந்தது!

அதன்பின் இரவுதோறும் அவர் முற்றத்திலே ஊர் கூடிற்று. எங்கே சண்டை, எந்தப் பாதை திறந்திருக்கிறது, கொழும்பிலுள்ள பிள்ளைகளின் கதி யாது என்று அறியத் தவித்தவர்கள் அனைவரும் அக்கரகரப்பை மூச்சடக்கிக் கேட்டார்கள். சுழற்றுபவன் களைத்தால் லண்டனுங் களைத்துப்போகும். ஆதலால் முறை வைத்துச் சுழற்றினோம். என் முறை வந்த ஓரிரவு அவர் என்னருகே அமர்ந்து, "கரகரப்பா எண்டு பேர் வைச்சவனுக்கு நல்ல காதடா" என்றார். நான் நிமிர்ந்து பாராமல் இன்னும் விரைவாகச் சுழற்றினேன்.

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு, வலிகாமத்தை விட்டு மக்கள் வெள்ளமாக வெளியேறியபொழுது, பிறர் உடுபுடைவைகளைச் சுமந்தார்கள். அவரோ வானொலியைத் துவாயாற் சுற்றிச் சைக்கிளிலே கட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார். அடுத்த ஆண்டு, ஊர் திரும்பாமலே காலமானார். பெயர் வைத்தவன் நானே என்று நான் அவரிடம் ஒருநாளேனும் சொல்லவில்லை. அவர் அறிந்திருந்தார் என்றே இன்று எண்ணுகின்றேன். சொல்லாத அச்சொல்லை இப்பத்திரிகையிலே சொல்லிவிட்டேன்.

இவ்வளவையும் கேட்டிருந்த பேரன், "அப்படியெண்டால் எனக்கு மூன்றாம் இடந்தானா, அம்மப்பா?" என்றான்.

"உன் பெறுபேறு இன்னும் வரவில்லை. ஒருநாள் ஊரிலே விளக்கு அணையும், அப்பொழுது எத்தனை பேர் உன் படலையைத் தேடி வருகிறார்கள் என்று பார்த்தே புள்ளி இடுவார்கள்" என்றேன்.

அவன் முகந் தெளிந்து கணினியண்டை போனான். அடுக்களையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது:

"இஞ்சருங்கோ, சோறு ஆறுது! உட்கார்ந்திருந்து ஆக்களுக்கு இடம் போடுற பித்தருக்கு எத்தனையாம் இடம்?"

பட்டியலில் அதற்கு இடம் ஒதுக்க மறந்துபோனேன். பூச்சியத்திலிருந்து எண்ணியிருந்தால் ஓரிடம் மிஞ்சியிருக்கும்.