பச்சைப் பென்ஸில் கிழித்த கோடு

உலகப் படத்தில் ஸைப்ரஸ் தீவைத் தேடிப் பாருங்கள். மத்தியதரைக் கடலின் கிழக்கு மூலையில், துருக்கிக்குத் தெற்கே, ஆள்காட்டி விரலை நீட்டினாற்போல் ஒரு தீவு தெரியும். அதன் தலைநகர் நிகோஸியா. வெனிஸ் நகரத்தார் பதினாறாம் நூற்றாண்டில் கட்டிய வட்டமான மதில், அதில் பதினொரு கொத்தளங்கள், மூன்று வாசல்கள், உள்ளே குறுகலான தெருக்கள் எல்லாம் அங்கே உண்டு. பார்க்க அழகான ஊர்தான். ஆனால் இந்த ஊரின் நடுவே ஒரு கோடு ஓடுகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர்; அந்தப் பக்கம் இன்னொரு ஊர்.

கோடு பிறந்த கதையைக் கேளுங்கள். 1960-ல் பிரிட்டிஷாரிடமிருந்து ஸைப்ரஸ் விடுதலை பெற்றது. ஜனங்களில் நாலில் மூன்று பங்குக்கு மேல் கிரேக்க மொழி பேசும் கிறிஸ்தவர்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் துருக்கி மொழி பேசும் முஸ்லிம்கள். மூன்று ஆண்டுகள் கூட ஒழுங்காகக் குடித்தனம் நடக்கவில்லை. 1963 டிசம்பரில் கலகம் மூண்டது. இரு சாராரையும் விலக்கி நிறுத்த, பீட்டர் யங் என்ற பிரிட்டிஷ் தளபதி நகரப் படத்தை விரித்துப் பச்சைப் பென்ஸிலால் குறுக்கே ஒரு கோடு கிழித்தார். அன்றிலிருந்து அதற்குப் 'பச்சைக் கோடு' என்றே பெயர். பென்ஸில் சிவப்பாக இருந்திருந்தால் சிவப்புக் கோடு ஆகியிருக்கும்!

1964 மார்ச்சில் ஐ.நா. பாதுகாப்புச் சபை கூடி, ஸைப்ரஸுக்கு ஓர் அமைதிப் படையை அனுப்பத் தீர்மானித்தது. இங்கேதான் நமக்கும் ஒரு சம்பந்தம் வருகிறது. அந்தப் படையின் முதல் தளபதி நம் ஜெனரல் கியானி. அடுத்து வந்தவர் குடகு நாட்டு வீரர் ஜெனரல் திம்மய்யா. நம் தரைப்படைக்குத் தலைவராக இருந்தவர். 1965 டிசம்பரில், பதவியில் இருக்கும்போதே அந்தத் தீவில் காலமானார். அடுத்த ஆண்டு ஸைப்ரஸ் சர்க்கார் அவருக்காகத் தபால் தலை வெளியிட்டது. சண்டையில் ஜெயித்த தளபதிகளுக்குத் தபால் தலை போடுவது வழக்கம். சண்டை நடக்காமல் காத்த தளபதிக்கும் போட்டார்களே, அதைச் சொல்ல வேண்டும்.

ஆனாலும் 1974-ல் பெருங்கேடு வந்தது. ஜூலை 15-ம் தேதி, கிரேக்க நாட்டு ராணுவ ஆட்சியாளரின் தூண்டுதலில் ஸைப்ரஸ் அரசைக் கவிழ்த்தார்கள். ஐந்தாம் நாள் துருக்கிப் படை வந்திறங்கியது. ஆகஸ்டு மாதம் துப்பாக்கிகள் ஓய்ந்தபோது, தீவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் துருக்கிப் படையின் கையில் இருந்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட கிரேக்க மக்கள் வீடு வாசலை விட்டுத் தெற்கே வந்தார்கள். பல்லாயிரம் துருக்கிய மக்கள் வடக்கே போனார்கள். பென்ஸில் கோடு 180 கிலோ மீட்டர் நீண்டு, தீவையே இரண்டாக்கியது. சில இடங்களில் அதன் அகலம் பல கிலோ மீட்டர்; பழைய நகரத்துக்குள்ளோ சில அடிகள்தான்.

வாருங்கள், கோட்டைக் கடந்து பார்ப்போம். லெட்ரா தெரு நிகோஸியாவின் கடைத்தெரு. துணிக்கடை, செருப்புக்கடை, ஐஸ்கிரீம் கடை என்று பராக்குப் பார்த்துக்கொண்டே போனால், திடீரென்று ஒரு சாவடி. பாஸ்போர்ட்டைக் காட்டுகிறோம். கொஞ்ச தூரம் நடந்தால் இன்னொரு சாவடி. மறுபடியும் காட்டுகிறோம். இடையே இருபுறமும் ஆளில்லாத வீடுகள். இந்த வழி 2008 ஏப்ரலில்தான் திறந்தது. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 2003 ஏப்ரலில் நகரின் வேறு பக்கத்தில் முதல் வழியைத் திறந்தபோது, ஜனங்கள் ஆயிரக்கணக்கில் வரிசையில் நின்று, தாங்கள் விட்டுப் போன வீட்டைப் பார்க்கப் போனார்களாம்.

தெற்கே ஒரு காப்பி சாப்பிடுங்கள். 'கிரேக்கக் காப்பி' என்பார்கள். வடக்கே, 1572-ல் கட்டிய பெரிய சத்திரத்தின் முற்றத்தில் இன்னொன்று சாப்பிடுங்கள். அது 'துருக்கிக் காப்பி'. இரண்டும் ஒரே காப்பிதான்!

கோட்டுக்கு நடுவே அகப்பட்டவை பல. 1974-ல் இறக்குமதியான ஜப்பானிய மோட்டார்கள் விற்காமலே ஒரு நிலவறையில் தூசு படிந்து நிற்கின்றன. பழைய விமான நிலையத்தில் ஒரு விமானம் பறக்காமல் உளுத்துக் கிடக்கிறது. இவற்றையெல்லாம் அமைதிப் படை இன்றும் காவல் காக்கிறது. அறுபது ஆண்டு தாண்டிவிட்டது. 'இத்தனை காலம் காத்து என்ன கண்டார்கள்? சமாதான உடன்படிக்கை உண்டா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2004-ல் ஐ.நா. தயாரித்த திட்டத்துக்கு வடக்கே நூற்றுக்கு 65 பேர் சரி என்றார்கள். தெற்கே 76 பேர் வேண்டாம் என்றார்கள். 2017-ல் ஸ்விட்ஸர்லாந்தில் நடந்த பேச்சும் முறிந்தது. சண்டையை நிறுத்துவது படையால் ஆகும். மனத்தை ஒட்ட வைப்பது படையால் ஆகுமா?

ஒட்ட வைக்கும் வேலை வேறு இடத்தில் நடக்கிறது. ஒன்று பூமிக்கு அடியில், பாதாளச் சாக்கடையில்! ஊர் பிரிந்தபோது, கழிவு நீரைச் சுத்திகரிக்க வேண்டிய இடம் வடக்கே மாட்டிக் கொண்டது. சாக்கடைக்குக் கிரேக்கம் துருக்கி என்று வித்தியாசம் உண்டா? 1978-ல் தெற்கு நகரத் தலைவர் டிமிட்ரியாடிஸும் வடக்கு நகரத் தலைவர் அக்கின்ஜியும் சந்தித்துப் பேசி இசைந்தார்கள். 1980 முதல் இரு பாதி ஊரின் கழிவு நீரும் ஒரே இடத்துக்குப் போயிற்று. பிறகு ஐ.நா. உதவியோடு ஊர் முழுவதற்கும் சேர்த்தே நகரத் திட்டம் வரைந்தார்கள். கோடு ஒருநாள் மறைந்தால் தெருக்கள் பொருந்த வேண்டும் அல்லவா?

இன்னொரு வேலை, நெஞ்சை உருக்குவது. 1963-64-லும் 1974-லும் காணாமற் போனவர்கள் 2,002 பேர். கிரேக்கர் 1,510, துருக்கியர் 492. இவர்களைத் தேட 1981-ல் ஒரு குழு ஏற்பட்டது. கிரேக்கர் ஒருவர், துருக்கியர் ஒருவர், செஞ்சிலுவைச் சங்கம் தேர்ந்து ஐ.நா. நியமிக்கும் அயலார் ஒருவர். பல காலம் பேச்சிலேயே கழிந்தது. 2006-ல்தான் தோண்டும் வேலை முழுமூச்சாகத் தொடங்கியது. பழைய விமான நிலையப் பகுதியில் உள்ள ஆய்வுக்கூடத்தில் இரு சாராரின் இளம் விஞ்ஞானிகள் ஒரே மேஜையில் எலும்புகளைச் சேர்த்து அடுக்குகிறார்கள். மரபணுச் சோதனையில் பெயர் தெரிந்ததும் குடும்பத்தாரை அழைத்துக் காட்டி ஒப்படைக்கிறார்கள். 'கொன்றது யார்?' என்று குழு விசாரிப்பதில்லை. அது குறைதான். ஆனால் அப்படி விசாரித்தால், புதைத்த இடம் தெரிந்தவர்கள் வாய் திறப்பார்களா?

ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இவ்வாறு வீடு திரும்பி விட்டார்கள். தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் இன்னும் மண்ணுக்குள். புதைகுழி எங்கே என்று அறிந்தவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. காத்திருக்கும் மனைவிமாருக்கும் அதே வயது. கோட்டை அழிக்க இன்னும் எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் ஆகட்டும். கணவனுக்கு விளக்கேற்றுவதா, வழி பார்ப்பதா என்று தெரியாத அந்தக் கிழவிகளால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதே!